ஊசி குத்தினால் கட்டி பரவுமா? பயாப்சி ரிப்போர்ட் ஏன் இவ்வளவு தாமதம்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, வலி இல்லை. மேமோகிராம் பார்த்துவிட்டு சந்தேகமாக இருக்கிறது என்றார்கள். முதலில் மெல்லிய ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். ‘சந்தேகத்துக்குரியது’ என்று வந்தது. அப்புறம் பெரிய ஊசியால் பயாப்சி எடுத்தார்கள். நான்கு நாளில் ரிப்போர்ட் என்றவர்கள், ஒன்பது நாள் கழித்து ஐ.ஹெச்.சி. என்று இன்னொரு பரிசோதனைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். ‘ஊசியால் குத்திக் குத்திக் கிளறிவிட்டார்கள், இனிமேல் பரவிவிடும், நேராக ஆபரேஷன் செய்து எடுத்திருக்கலாம்’ என்று பெரியப்பா சத்தம் போடுகிறார். ரிப்போர்ட் தப்பாகவும் வருமா? வேறு இடத்தில் காட்டலாமா? அம்மாவிடம் கொழுப்புக் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ரிப்போர்ட் வந்ததும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.
வாசகி, மன்னார்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் பெத்தாலஜிஸ்ட், அதாவது எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து என்ன நோய் என்று சொல்லும் டாக்டர். உங்கள் அம்மாவின் சதைத் துண்டு இப்போது இருப்பது என்னைப் போன்ற ஒருவரின் மேஜையில்தான். நோயாளிகள் எங்களை அதிகம் பார்ப்பதில்லை. அதனால் அந்த அறையில் என்ன நடக்கிறது, ஏன் நாள் ஆகிறது என்று யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது எங்கள் பக்கத்துக் குறை.

முதலில் பெரியப்பாவின் பயத்தைப் பார்த்துவிடலாம். அவர் சொல்வதை நான் வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். ஊசி போகும் வழியில் ஒன்றிரண்டு செல்கள் இடம் மாறுவது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிடுங்கிப் போட்ட நாற்றெல்லாம் வேர் பிடித்துவிடுவதில்லை. இடம் மாறிய செல்களில் ஏறக்குறைய எல்லாமே அங்கேயே செத்துப்போகின்றன. மார்புக் கட்டிக்கு ஊசி பயாப்சி செய்வது இன்று உலகம் முழுவதும் உள்ள முறை. அதனால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்று இத்தனை ஆண்டு அனுபவத்தில் தெரியவரவில்லை.

ஊசியே போடக் கூடாத இடங்களும் உண்டு. விரைப்பையில் கட்டி இருந்தால் ஊசி குத்த மாட்டோம், முழுதாக எடுத்துத்தான் பார்ப்போம். கருப்பைக்குப் பக்கத்தில் சினைப்பையில் மட்டும் இருக்கும் சந்தேகக் கட்டியையும் பொதுவாகக் குத்துவதில்லை. கை கால் எலும்பிலும் தசையிலும் வரும் சில கட்டிகளுக்கு, பின்னால் ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவரே ஊசி போகும் பாதையைத் தீர்மானிப்பார். ஆபரேஷனில் அந்தப் பாதையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். எங்கே ஊசி ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். மார்பு அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் ‘ஊசி போட்டதும் பெரிசாகிவிட்டது’ என்று ஊரில் எல்லோரும் ஏன் சொல்கிறார்கள்? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பயாப்சி முடிந்து புற்றுநோய் என்று ரிப்போர்ட் கையில் வந்ததும் சிலர் பயந்துபோய் நாட்டு மருந்து, பத்தியம், கோயில் என்று போய்விடுவார்கள். ஆறேழு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது கட்டி தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். அந்த ஆறேழு மாதமும் நோய் தன் பாட்டில் வளர்ந்திருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ஞாபகம் வைத்திருப்பது ஊசியை மட்டும். பெரியப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் கோபத்துக்கு அடியில் இருப்பதும் பயம்தான்.

நேராக ஆபரேஷன் செய்திருந்தால் என்ன? இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். மார்பில் கல் மாதிரி கட்டி, மேமோகிராமிலும் சந்தேகம், கையால் தொட்டுப் பார்த்தவரும் புற்றுநோய் என்றே நினைக்கிறார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் காசநோய்! நம் நாட்டில் இது நடக்கிறது. கிராமங்களிலிருந்து வரும் இளம் தாய்மார்களிடம் கிரானுலோமாட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அழற்சிக் கட்டியையும் பார்க்கிறோம். பார்வைக்கு அசல் புற்றுநோய் போலவே இருக்கும், மாத்திரையில் கரையும். மார்பை எடுத்த பிறகு இது தெரியவந்தால் யார் பதில் சொல்வது?

புற்றுநோயாகவே இருந்தாலும் எல்லாருக்கும் ஆபரேஷன்தான் முதல் படி என்று இல்லை. சில வகைகளில் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கினால் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வாய்ப்புக் கிடைக்கும். மருந்து கட்டியின் மேல் வேலை செய்கிறதா என்பதையும் கண்ணெதிரே பார்க்கலாம். கட்டியை அவசரப்பட்டு எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். உங்கள் அம்மாவுக்கு எது முதலில் என்பதை அந்தச் சதைத் துண்டுதான் சொல்ல வேண்டும்.

சரி, ஒருமுறை ஊசி போட்ட பிறகு இன்னொரு ஊசி எதற்கு? முதலில் செய்தது எஃப்.என்.ஏ.சி. ரத்தம் எடுக்கும் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசி. அதில் வருவது செல்கள் மட்டும், ஒன்றுக்கொன்று தொடர்பு அறுந்து உதிரியாக வரும். வாசலில் போட்ட கோலத்தைக் கூட்டி அள்ளி, மாவை உள்ளங்கையில் வைத்து நீட்டினால் அது அரிசி மாவா கோலப்பொடியா என்று சொல்லலாம். சிக்குக் கோலமா படிக் கோலமா, கோடு எங்கே தாண்டிப் போனது என்று சொல்ல முடியாது. பெரிய ஊசியால் எடுத்தது டிரூகட் பயாப்சி. மரத்துப்போக மருந்து போட்டு, ‘டக்’கென்று சத்தம் கேட்கும் ஒரு துப்பாக்கி போன்ற கருவியால் எடுத்திருப்பார்கள். அதில் செல்கள் தங்கள் இடத்திலேயே, அக்கம்பக்கத்தோடு வருகின்றன. கோலம் கலையாமல் வருகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், மார்பில் பால் வரும் குழாய்களைச் சுற்றி ஒரு மெல்லிய செல் வரிசை வேலி மாதிரி நிற்கும். கெட்டுப்போன செல்கள் அந்த வேலிக்குள்ளேயே அடங்கியிருந்தால் ஒரு நோய், வேலியைத் தாண்டி வெளியே இறங்கியிருந்தால் வேறு நோய். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உதிரிச் செல்லை வைத்துக்கொண்டு வேலியைப் பார்க்க முடியாது. உங்கள் அம்மாவுக்கு ‘சந்தேகத்துக்குரியது’ என்று எழுதிய பெத்தாலஜிஸ்ட், தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல் அடுத்த படிக்கு அனுப்பியிருக்கிறார். சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இனி அந்த ஒன்பது நாள். எடுத்த துண்டுகளைப் பார்த்தீர்களா? ஒவ்வொன்றும் சேமியாத் துண்டு கனம், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். எடுத்த உடனே ஃபார்மலின் என்ற திரவத்தில் போட வேண்டும். அதுதான் சதை அழுகாமல் அப்படியே உறைந்து நிற்கும்படி பதப்படுத்துகிறது. மார்புத் திசு ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. அவசரப்பட்டாலும் கெடும், மறந்துபோனாலும் கெடும்.

ஒரு அனுபவம். வெளியூரிலிருந்து ஒரு பெண்ணின் கட்டியை ஃபார்மலினுக்குப் பதிலாக சலைன் என்ற உப்புநீரில் போட்டு, ஒரு சின்ன வாய் பாட்டிலில் திணித்து அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸில் ஒரு ராத்திரி, எங்கள் வரவேற்பில் ஒரு பகல். திறந்தபோதே நாற்றம். நுண்ணோக்கியில் செல்களின் ஓரமெல்லாம் கரைந்து, மழையில் நனைந்த கடிதம் மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணிடம் மறுபடி எடுத்துப் பார்க்கக் கட்டி மிச்சம் இல்லை, முழுதாக எடுத்தாகிவிட்டது. என்னால் ‘புற்றுநோய்’ என்பதற்கு மேல் ஒரு வரி எழுத முடியவில்லை. எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல முடியாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட அந்த மத்தியானத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் யார் வீட்டில் பயாப்சி என்றாலும் கேட்கச் சொல்கிறேன்: “உடனே ஃபார்மலினில் போட்டீர்களா? பாட்டிலில் பெயர் எழுதினீர்களா?” கேட்பதில் தவறே இல்லை.

ஃபார்மலினிலிருந்து எடுத்ததும் துண்டுகள் ஒரு இயந்திரத்துக்குள் போகும். ராத்திரி முழுக்க அது ஓடும். ஆல்கஹாலில் போட்டு சதையின் தண்ணீரையெல்லாம் எடுத்து, சைலீன் என்ற திரவத்தில் போட்டு ஆல்கஹாலை எடுத்து, கடைசியாக சுமார் 60 டிகிரி சூட்டில் உருகிய மெழுகை உள்ளே இறக்கும். காலையில் டெக்னீஷியன் அதை ஒரு சின்ன அச்சில் மெழுகு ஊற்றிக் கட்டியாக்குவார். இதைத்தான் ‘பிளாக்’ என்கிறோம். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

அந்த பிளாக்கை மைக்ரோடோம் என்ற கருவியில் சீவ வேண்டும். ஒரு சீவல் 3 அல்லது 4 மைக்ரான் கனம். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் இருபது சீவல் அடங்கிவிடும். பிளேடிலிருந்து சீவல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரிப்பன் மாதிரி இறங்கும். டெக்னீஷியன் மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தூரிகை நுனியால் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விடுவார். சுருக்கம் எல்லாம் தானாக விரியும். கண்ணாடித் துண்டை அடியில் கொடுத்து அள்ளுவார். அந்தக் கண்ணாடிதான் ‘ஸ்லைடு’. மின்விசிறி ஓடினால் சீவல் பறந்துவிடும் என்று சித்திரை மாதத்திலும் அதை அணைத்துவிட்டு வியர்வையோடு உட்கார்ந்து செய்யும் பெண்களை எனக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் அவர்கள் பெயர் வராது. ஆனால் சீவல் சரியில்லை என்றால் நான் எவ்வளவு படித்திருந்தும் பிரயோஜனமில்லை.

அப்புறம் சாயம். மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம் ஒன்றின் கட்டையிலிருந்து வரும் ஹெமடாக்ஸிலின், செல்லின் கருவை நீலமாக்கும். ஈயோசின் என்ற சாயம் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். நூறு ஆண்டுக்கு மேலாக இந்த இரண்டு சாயத்தை வைத்துத்தான் உலகம் புற்றுநோயைப் படிக்கிறது.

நான் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்ப்பேன், மொட்டை மாடியில் நின்று தெருவைப் பார்ப்பது மாதிரி. நல்ல மார்புத் திசுவில் குழாய்கள் கொத்துக் கொத்தாக, ஒழுங்காக இருக்கும். புற்றுநோயில் அந்த ஒழுங்கு உடைந்து, செல்கள் வரிசை வரிசையாகக் கொழுப்புக்குள் இறங்கியிருக்கும். அப்புறம் பெருக்கிப் பார்த்தால் கரு ஒன்று சின்னது, ஒன்று பெரியது, ஒன்று கோணல். இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம். குழாய் அமைப்பு எவ்வளவு மிச்சம், கரு எவ்வளவு மாறியிருக்கிறது, எத்தனை செல் பிரிகிறது என்ற மூன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3-லிருந்து 9 வரை வரும். 5 வரை கிரேடு 1. 6, 7 என்றால் கிரேடு 2. 8, 9 என்றால் கிரேடு 3.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்று இருந்தால் தயவுசெய்து அதை மூன்றாவது ஸ்டேஜ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் குழப்பத்தால் வைத்தியமே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் உண்டு. கிரேடு என்பது செல்லின் சுபாவம், எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பது. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கட்டியின் அளவு, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்று ஸ்கேனெல்லாம் பார்த்துத்தான் அதைச் சொல்வார்கள். சின்னக் கட்டியில் கிரேடு 3 இருக்கலாம், அது குணமாகக்கூடிய ஸ்டேஜாகவும் இருக்கலாம்.

இதுவரை மூன்று நான்கு நாள் வேலை. உங்களுக்கு முதலில் சொன்ன கணக்கு இதுதான். இதற்கு மேல் ஐ.ஹெச்.சி. அதே பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி, குறிப்பிட்ட புரதங்களைத் தேடிப் பிடிக்கும் மருந்தை ஊற்றுவோம். அந்தப் புரதம் இருந்தால் அந்த இடம் காப்பி நிறத்தில் தெரியும். மார்புக்கு முக்கியமாக மூன்று: இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2. முதல் இரண்டும் பெண் ஹார்மோன்களின் ஏற்பிகள். அவை இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையே பெரிய மருந்து, தினம் ஒன்று என்று ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருக்கும். ஹெர்2 பலமாக, அதாவது 3+ என்று வந்தால் அதைக் குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற ஊசி மருந்து உண்டு. மூன்றும் இல்லாவிட்டால் கீமோவின் பங்கு கூடும். ஆகவே அந்தப் பணத்தை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். இது இல்லாமல் வைத்தியம் தொடங்குவது இருட்டில் மருந்து கொடுப்பதற்குச் சமம். கட்டுவதற்குச் சிரமமாக இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று கேளுங்கள். பிளாக்கை வாங்கிக்கொண்டு பெரிய அரசு மருத்துவமனைக்கு எடுத்துப்போய் அங்கே இதைச் செய்ய முடியுமா என்றும் விசாரிக்கலாம்.

இன்னும் ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஹெர்2 சில சமயம் 2+ என்று வரும். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அப்போது ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதற்கு இன்னும் சில நாள் ஆகும். ‘மறுபடியும் இழுத்தடிக்கிறார்கள்’ என்று தோன்றும். மார்புப் புற்றுநோயில் இந்தச் சில நாட்கள் நோயின் போக்கை மாற்றாது. நான் முன்னே சொன்ன ஆறேழு மாதம்தான் மாற்றும்.

ரிப்போர்ட் தப்பாக வருமா என்று கேட்டீர்கள். வரும். பெரும்பாலும் பார்த்தவர் கண் தப்புவதைவிட, எடுத்த துண்டு தப்பான இடத்திலிருந்து வருவதால். எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் கதை ஒன்று உண்டு. 1887-ல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃப்ரெடெரிக்கின் குரல் கம்மியது. குரல்வளைப் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு ஜெர்மானிய மருத்துவர்கள் ஆபரேஷனுக்குத் தயாரானார்கள். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சி, முதலில் சதையை எடுத்துப் பார்ப்போம் என்றார். பார்த்தவர் சாதாரண ஆள் இல்லை, நவீன நோய்க்குறியியலின் தந்தை எனப்படும் ருடால்ஃப் விர்ச்சோ. அந்தத் துண்டில் புற்றுநோய் இல்லை என்றார். ஆபரேஷன் நின்றது. 1888 மார்ச்சில் பேரரசரான ஃப்ரெடெரிக் 99 நாள் ஆண்டுவிட்டு ஜூன் 15 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குரல்வளைப் புற்றுநோய் உறுதியானது. தன் கைக்கு வந்த துண்டைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும், முழு நோயைப் பற்றி இல்லை என்று விர்ச்சோ அப்போதே எழுதியிருந்தார். படித்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

அதனால் இன்று மார்புக் கட்டியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்: கையால் தொட்டுப் பார்த்தது, மேமோகிராம், பயாப்சி. மூன்றும் ஒரே பேச்சாகப் பேச வேண்டும். நாளை அம்மாவின் பயாப்சியில் ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். “மேமோகிராமில் சந்தேகம் என்றீர்களே, அதற்கு இது பொருந்துகிறதா?” என்று டாக்டரைக் கேளுங்கள். பொருந்தவில்லை என்றால் இன்னொருமுறை எடுப்பதுதான் முறை.

வேறு இடத்தில் தாராளமாகக் காட்டலாம். எங்களுக்குக் கோபம் வராது. சந்தேகமான ஸ்லைடை நானே பக்கத்து அறை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போனால் அவர்கள் கேட்கப்போவதும் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் இல்லை, ஸ்லைடையும் பிளாக்கையும்தான். அங்கே இருப்பவர் தன் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார். ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் பார்ப்பதற்குச் சின்ன மெழுகுத் துண்டு, அவ்வளவுதான். ‘இது எதற்கு’ என்று குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். சில ஆண்டு கழித்துப் புது மருந்து வந்தாலும் அது அம்மாவுக்குக் கேட்குமா என்று பார்க்க இந்த பிளாக் தேவைப்படலாம். வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அம்மா. எஃப்.என்.ஏ.சி. ஊசியை எங்கள் ஊரில் பெரும்பாலும் பெத்தாலஜிஸ்ட்தான் போடுவோம். அதனால் இந்தப் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கம் எனக்கும் உண்டு. மகன், மகள் எல்லாம் கதவுக்கு வெளியே இருப்பார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே மெதுவாகக் கேட்பார்கள்: “கேன்சருங்களா டாக்டர்? பிள்ளைங்க பயப்படும், நீங்க சொல்லிடாதீங்க.” ஒருவர் இருவர் இல்லை, பலர். உங்கள் அம்மாவும் இரண்டு ஊசிக்கும் மேமோகிராமுக்கும் போய் வந்தவர். கொழுப்புக் கட்டி என்பதை அவர் முழுக்க நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்காக நம்புவது போல இருக்கிறாரோ என்னவோ.

ரிப்போர்ட் வரும்வரை காத்திருந்து ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இதுவரை தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். “அம்மா, டாக்டருக்கு சந்தேகம் இருக்கு, அதான் சதை எடுத்திருக்காங்க. என்ன கட்டி, எந்த மருந்து கேட்கும்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. ரிப்போர்ட் வாங்க நீயும் கூட வரியா?” அவர் என்ன கேட்கிறாரோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ரிப்போர்ட் வாங்கும் நாளில் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.